நாய்களில் முழு மயக்கத்திற்குப் பிந்தைய மூச்சுவழிச் சிக்கல்கள்

நாய்களில் முழு மயக்கத்திற்குப் பிந்தைய மூச்சுவழிச் சிக்கல்கள் என்பவை, அறுவை மருத்துவத்திற்காக முழு மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட நாய் விழித்தெழும் வேளையிலும், அதற்கடுத்த சில மணி நேரங்கள் அல்லது நாட்களிலும் அதன் மூக்கு, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் கோளாறுகள் ஆகும். தொண்டை அடைத்துக்கொள்ளல், குரல்வளை வீக்கம், இரைப்பையில் உள்ளவை எதிர்க்களித்து நுரையீரலுக்குள் செல்லல், மூச்சுக்குழலில் இட்ட குழாயால் ஏற்படும் காயம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. பெரும்பாலான நாய்கள் எச்சிக்கலும் இன்றி விழித்தெழுகின்றன. எனினும் மயக்கம் தொடர்பான இறப்புகளில் ஏறத்தாழ பாதி, அறுவை முடிந்தபின் நிகழ்கின்றன. ஆதலால் விழித்தெழும் நேரம் கால்நடை மருத்துவத்தில் தனிக் கவனத்திற்குரியதாகக் கருதப்படுகிறது.

மூச்சுவழியின் அமைப்பு

நாய் மூச்சை உள்ளிழுக்கும்போது காற்று மூக்குத்துளைகள், மூக்கறை, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் என்னும் வரிசையில் நுரையீரலை அடைகிறது. தொண்டைப் பகுதியில் காற்றுவழியும் உணவுவழியும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. மேலே மென்னண்ணமும், கீழே நாக்கின் அடியும், நடுவில் குரல்வளை மூடியும் இவ்விடத்தில் அமைந்துள்ளன. நாய் விழிப்போடு இருக்கும்போது உணவோ நீரோ குரல்வளையைத் தொட்டால், விழுங்குதல், இருமுதல் ஆகிய அனிச்சைச் செயல்கள் அதனை மூச்சுக்குழலுக்குள் விடாமல் காக்கின்றன.

மயக்க மருந்துகள் இந்த அனிச்சைச் செயல்களை அடக்கிவிடுகின்றன. தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. இரைப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள சுருக்குத்தசை நெகிழ்கிறது. மூளையில் மூச்சைத் தூண்டும் மையமும் மந்தமடைகிறது. எனவே அறுவையின்போது மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் செலுத்தப்பட்டு, அதன் நுனியை ஒட்டியுள்ள காற்றுப்பட்டை ஊதப்படுகிறது. இப்பட்டை குழாய்க்கும் மூச்சுக்குழலின் சுவருக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்து, எச்சிலும் இரைப்பை நீரும் உட்புகாமல் தடுக்கிறது. அறுவை முடிந்தபின் இக்குழாயை வெளியே எடுக்கும் கணத்தில் அந்தக் காப்பு நீங்குகிறது. நாயின் சொந்தக் காப்பு அதற்குள் மீண்டிருக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே இடைவெளி விழும்போதே பெரும்பாலான சிக்கல்கள் தோன்றுகின்றன.

சிறு வீக்கம் பெருந்தடையாவது ஏன்

குழாய் ஒன்றின் வழியே சீராகப் பாயும் காற்றுக்கு ஏற்படும் தடை, அக்குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அதாவது ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. 8 மி.மீ. விட்டமுள்ள வழியில் சுற்றிலும் 1 மி.மீ. வீக்கம் ஏற்பட்டால் விட்டம் 6 மி.மீ. ஆகி, தடை ஏறத்தாழ 3 மடங்காகிறது. அதே 1 மி.மீ. வீக்கம் 4 மி.மீ. விட்டமுள்ள குட்டியின் மூச்சுவழியில் ஏற்பட்டால் விட்டம் 2 மி.மீ. ஆகி, தடை 16 மடங்காகிறது. பெரிய நாய் இருமலோடு தாங்கிக்கொள்ளும் வீக்கம், குட்டியின் உயிருக்கு இடராவது இதனாலேயே ஆகும்.

சிக்கல்களின் வகைகள்

மேல் மூச்சுவழி அடைப்பு: குழாய் எடுக்கப்பட்டபின் தளர்ந்த நாக்கும் மென்னண்ணமும் குரல்வளை வாயிலை மூடிக்கொள்வதால் இது ஏற்படுகிறது. குறட்டை ஒலி இதன் முதல் அடையாளம். அடைப்பு முழுமையானால் ஒலி நின்றுவிடும். மார்பும் வயிறும் அசைந்தாலும் மூக்கிலிருந்து காற்று வராது. மார்பு அசைவதை மட்டும் கண்டு நாய் மூச்சுவிடுகிறது என்று முடிவு செய்வது தவறாகும்.

குரல்வளை வீக்கமும் இறுக்கமும்: குழாயைப் பலமுறை செலுத்த முயலுதல், பெரிய அளவுக் குழாய், தொண்டைப் பகுதி அறுவை ஆகியவற்றால் குரல்வளை வீங்கலாம். குரல்நாண்கள் திடீரென இறுகி மூடிக்கொள்ளும் நிலை பூனைகளில் மிகுதி, நாய்களில் குறைவு. மூடிய குரல்வளைக்கு எதிராக நாய் வலிந்து மூச்சிழுத்தால் மார்புக்குள் அழுத்தம் பெரிதும் குறைந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

எதிர்க்களிப்பும் உள்ளிழுப்பும்: வாந்தி தசைகளின் முயற்சியால் வருவது, எதிர்க்களிப்பு முயற்சியின்றி ஓசையில்லாமல் வழிவது. மயக்கத்தில் நிகழ்வது பெரும்பாலும் இரண்டாவதாகும். எதிர்க்களித்த நீர் நுரையீரலுக்குள் சென்றால் முதலில் அமிலத்தால் புண்ணும், பின்னர் நுண்ணுயிர்த் தொற்றும் உண்டாகி, உள்ளிழுப்பு நிமோனியா தோன்றலாம். நாய்களில் வலது நுரையீரலின் நடுமடல் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. அறிகுறிகள் சில மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் வெளிப்படலாம். அதற்குள் நாய் வீடு திரும்பியிருக்கக்கூடும் என்பதால் இச்சிக்கல் காலந்தாழ்ந்து அறியப்படுவது உண்டு.

குழாயால் நேரும் காயங்கள்: காற்றுப்பட்டையில் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவில் இருப்பது தகும். அதற்கு மேற்பட்டால் மூச்சுக்குழலின் உட்சவ்வுக்குக் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண்ணாகலாம்; அரிதாக மூச்சுக்குழல் கிழிந்து தோலுக்கடியில் காற்று பரவலாம். குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றாமல் நாயைப் புரட்டுவது இக்கிழிசலுக்கு ஒரு காரணமாகும். கழுத்திலோ தோளிலோ தோலைத் தொடும்போது நொறுநொறுவென உணர்வது இதன் அடையாளம். குழாய் இட்டதால் மட்டும் ஏற்படும் இலேசான இருமல் ஓரிரு நாட்களில் தானே நின்றுவிடும்.

உள்ளே தங்கிய பொருட்கள்: பல் அறுவையின்போது தொண்டையில் வைக்கப்படும் பஞ்சுத்துணி, உறைந்த குருதி, பிடுங்கிய பல் ஆகியவை எடுக்கப்படாமல் தங்கிவிடலாம். விழிக்கும் நாய் குழாயைக் கடித்துத் துண்டித்து, அத்துண்டை உள்ளிழுப்பதும் நிகழ்ந்துள்ளது. வைத்த துணிகளை எண்ணிப் பார்த்தே குழாயை எடுக்க வேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது.

இடர் மிகுந்த நாய்கள்

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், சி-சூ, பாக்சர் முதலிய சப்பை மூக்கு இனங்களில் இவ்விடர் மிகவும் அதிகம். இவற்றின் மண்டையோடு குறுகியிருந்தாலும் உள்ளிருக்கும் மென்திசுக்கள் அதே விகிதத்தில் குறையவில்லை. இதனால் இடுங்கிய மூக்குத்துளை, நீண்ட மென்னண்ணம், தடித்த நாக்கு ஆகியவை காணப்படுகின்றன. சிலவற்றில், குறிப்பாக புல்டாக்கில், மூச்சுக்குழலும் ஒடுங்கியிருக்கும். விழித்திருக்கும்போதே தசைகளின் முயற்சியால் வழியைத் திறந்து வைத்திருக்கும் இந்நாய்கள், தசை தளர்ந்தவுடன் அடைப்புக்கு உள்ளாகின்றன.

பொமரேனியன் போன்ற சிறு இனங்களில் மூச்சுக்குழல் வளையங்கள் வலுவிழந்து தட்டையாகும் நோய் உண்டு. முதிய லாப்ரடார் நாய்களில் குரல்வளைத் தசைகள் செயலிழந்திருக்கலாம். உடல் பருமன், கருவுற்ற நிலை, உணவுக்குழல் விரிவு நோய், வயிற்றறுவை ஆகியவையும் இடரைக் கூட்டுகின்றன.

தமிழகத்தின் நாட்டு இனங்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நீண்ட முகம் கொண்டவை. சப்பை மூக்குச் சிக்கல் இவற்றிற்கு இல்லை. ஆயினும் மெலிந்த வேட்டைநாயான கிரேஹவுண்டு, தயோபென்டோன் மருந்திலிருந்து மிக மெதுவாக மீள்கிறது என்பது நன்கு அறியப்பட்டது. உடற்கொழுப்பு குறைவாக இருப்பதும், கல்லீரல் அம்மருந்தை மெதுவாகச் சிதைப்பதும் இதற்குக் காரணங்களாகும். அதே உடலமைப்புடைய சிப்பிப்பாறை, கன்னி இனங்களிலும் இம்மருந்தைத் தவிர்ப்பது அல்லது மிகுந்த கவனத்துடன் கையாள்வது முன்னெச்சரிக்கையாகும். மீட்சி நீளும்போது காப்பற்ற மூச்சுவழியோடு நாய் கிடக்கும் நேரமும் நீள்கிறது.

அறிகுறிகளும் கண்காணிப்பும்

அடைப்புள்ள நாய் கழுத்தை நீட்டி, முழங்கைகளை விலக்கி, வாயைத் திறந்து மூச்சிழுக்கும். உள்மூச்சில் கீச்சொலி கேட்கும். அமைதியின்மை தோன்றும், இதை வலி என்றோ மயக்கத் தெளிவின் உளறல் என்றோ தவறாகக் கொள்ள வாய்ப்புண்டு. நாக்கும் ஈறும் நீலமாவது பிந்தைய அறிகுறியாகும்.

நாக்கில் பொருத்தப்படும் பல்ஸ் ஆக்சிமீட்டர், குருதியின் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆக்சிசனைச் சுமக்கின்றன என்பதை விழுக்காட்டில் காட்டுகிறது. 95 விழுக்காட்டிற்கு மேல் இருப்பது இயல்பு. 90 விழுக்காட்டிற்குக் கீழே இறங்குவது ஆக்சிசன் பற்றாக்குறை முற்றியதைக் குறிக்கும்.

குருதிச்சோகையுள்ள நாய்களில் இவ்விரு அளவுகோல்களும் ஏமாற்றக்கூடும். ஈமோகுளோபின் குறைவாக இருந்தால், இருக்கும் சிறிதளவும் ஆக்சிசனால் நிறைந்திருக்கும். கருவி 98 என்றுகூடக் காட்டும். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் மொத்த ஆக்சிசன் குறைவே. மேலும் நீலநிறம் தோன்றுவதற்கே போதிய அளவு ஆக்சிசனற்ற ஈமோகுளோபின் தேவை என்பதால், கடுஞ்சோகையுள்ள நாய் நீலமாகாமலே இறக்க நேரிடலாம். உண்ணிகளால் பரவும் பபேசியா, எர்லிகியா நோய்கள் குருதிச்சோகையை உண்டாக்குவதால், உண்ணி மிகுந்த நாய்களுக்கு அறுவைக்கு முன் குருதிச் சோதனை முதன்மை பெறுகிறது.

தடுப்பு முறைகள்

* உணவு நிறுத்தம்: நலமுள்ள வளர்ந்த நாய்களுக்கு அறுவைக்கு முன் பல மணி நேரம் உணவு நிறுத்தப்படுகிறது. 12 மணி நேரம் என்ற பழைய வழக்கத்திற்கு மாறாக, இன்றைய வழிகாட்டுதல்கள் சில 4 முதல் 6 மணி நேரம் போதும் என்கின்றன. எதிர்க்களிக்கும் இயல்புள்ள நாய்களுக்கு நீண்ட நேரம் தேவை. பால்குடிக் குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போட்டால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும்.
* முன்னேற்பாட்டு ஆக்சிசன்: மயக்கத்திற்கு முன் சில நிமிடங்கள் ஆக்சிசன் அளித்தால், மூச்சு தடைப்படும்போது மருத்துவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.
* குழாயின் அளவு: 10 கிலோ எடையுள்ள நாய்க்குப் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. உள்விட்டக் குழாய் பொருந்தும். சப்பை மூக்கு நாய்களுக்கு எடையைக் கொண்டு கணித்ததைவிடச் சிறிய குழாய்களும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.
* தொண்டையைத் துடைத்தல்: குழாயை எடுக்குமுன் வாயைத் திறந்து பார்த்து, எச்சிலையும் குருதியையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.
* குழாயை எடுக்கும் நேரம்: நாய் தானே விழுங்கத் தொடங்கியபின் குழாய் எடுக்கப்படுகிறது. சப்பை மூக்கு நாய்களில், நாய் தலைதூக்கிக் குழாயைப் பொறுக்காத நிலை வரும்வரை காத்திருப்பது வழக்கம். எதிர்க்களிப்பு நிகழ்ந்திருந்தால் காற்றுப்பட்டையைச் சற்றே ஊதிய நிலையில் குழாய் வெளியே இழுக்கப்படுகிறது.
* கிடத்தும் முறை: மார்பு தரையில் படியுமாறு கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி, நாக்கை முன்னோக்கி இழுத்து வைப்பது காற்றுவழியைத் திறந்து வைக்கும்.

உடனடி மருத்துவம்

அடைப்பு ஏற்பட்டால் முதலில் வாயைத் திறந்து, நாக்கை முன்னிழுத்து, தொண்டையைத் துடைத்து, ஆக்சிசன் அளிக்கப்படுகிறது. பதற்றம் மூச்சுத்தேவையைக் கூட்டி அடைப்பை மிகுவிக்கும் என்பதால், அளவான அமைதி மருந்து தரப்படலாம். வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. இவற்றால் தீராதபோது மீண்டும் மயக்கமளித்துக் குழாய் செலுத்தப்படும். அதுவும் இயலாதபோது கழுத்தின் அடிப்பக்கத்தில் மூச்சுக்குழலின் வளையங்களுக்கு இடையே துளையிட்டுக் குழாய் பொருத்தப்படுகிறது. சைலசின் மருந்தின் விளைவை யோகிம்பினும், ஓபியாய்டு மருந்துகளின் விளைவை நலோக்சோனும் முறிக்கும்.

குழாயை எடுத்த இடத்திலேயே, மீண்டும் செலுத்துவதற்கான குழாய், ஒளிவிளக்குடன் கூடிய குரல்வளைநோக்கி, மயக்க மருந்து, ஆக்சிசன் ஆகிய நான்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தேடிக்கொண்டு வருவதற்கான நேரம் இருக்காது.

இடரின் அளவு

ஐக்கிய இராச்சியத்தில் 2002 முதல் 2004 வரை நடத்தப்பட்டு, 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று 98,036 நாய்களின் மயக்கங்களைக் கணக்கில் கொண்டது. மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 600-க்கு 1 எனக் கண்டறியப்பட்டது. நலமுள்ள நாய்களில் இது 0.05 விழுக்காடாகவும், நோயுற்றவற்றில் 1.33 விழுக்காடாகவும் இருந்தது. இறந்த நாய்களில் 47 விழுக்காடு அறுவைக்குப் பின் இறந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்திற்குள் இறந்தவை. அறுவையின்போது ஒருவர் இடைவிடாமல் நாயைக் கவனிக்கிறார். அறுவை முடிந்ததும் கவனம் அடுத்த நாய்க்குத் திரும்பிவிடுகிறது. முதல் 3 மணி நேரக் கண்காணிப்பு பெருமளவு இறப்பைத் தவிர்க்கும் என்பதே இவ்வாய்வு வலியுறுத்திய பாடமாகும்.

வரலாறு

1667-இல் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிவியலாளர், மூச்சுக்குழலில் துருத்தியால் காற்றை ஊதி ஒரு நாயை உயிருடன் வைத்திருக்க இயலும் என இலண்டன் அரச கழகத்தில் காட்டினார்.

இந்தியாவில் இத்துறையோடு தொடர்புடைய பெரும் ஆய்வுகள் ஐதராபாத்தில் நடந்தன. குளோரோஃபார்ம் தரப்பட்டவர் இறக்கும்போது முதலில் நிற்பது இதயமா மூச்சா என்னும் வழக்கு 19-ஆம் நூற்றாண்டில் நிலவியது. ஐதராபாத்து மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி, நிசாமின் ஆதரவுடன் 1888-இலும் 1889-இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்களை அமைத்தார். இரண்டாம் ஆணையத்திற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்து சேர்ந்தார். பெரும்பாலும் தெருநாய்களைக் கொண்டு நடத்தப்பட்ட அச்சோதனைகளின் முடிவில், மூச்சே முதலில் நிற்கிறது, ஆதலால் மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என ஆணையம் அறிவித்தது. 1911-இல் குட்மன் லெவி, மேலோட்டமான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயமே திடீரென நிலைகுலையக்கூடும் எனப் பூனைகளில் மெய்ப்பித்தார். மூச்சை இடைவிடாது கவனிக்க வேண்டும் என்னும் ஐதராபாத்துப் பாடம் நிலைத்தது. அது மட்டும் போதும் என்னும் கருத்து கைவிடப்பட்டது.

காற்றுப்பட்டை பொருந்திய மூச்சுக்குழாயை அமெரிக்கரான ஆர்தர் கெடல், இரால்ப் வாட்டர்சு ஆகியோர் 1928-இல் அறிமுகப்படுத்தினர். பட்டை நீரையும் தடுக்கும் எனக் காட்ட, கெடல் தம் நாயை மயக்கி, குழாய் பொருத்தி, நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். நாய் நலமாக விழித்தெழுந்தது. அந்நாயின் பெயர் "ஏர்வே", அதாவது மூச்சுவழி.

காவிரிப் படுகையில்

தமிழகத்தில் கால்நடை மருத்துவக் கல்வி 1903-இல் சென்னையில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் உறுப்பாகத் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் தொடங்கப்பட்டது.

நாய்களுக்கு மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்று கருத்தடை ஆகும். சென்னையில் இந்திய நீலச்சிலுவைச் சங்கம் 1964-இல் தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கியது. நடுவண் அரசு 2001-இல் இதற்கென விதிகளை வகுத்தது. அவற்றிற்கு மாற்றாக 2023-இல் புதிய விதிகள் வந்தன. ஒரே நாளில் பல நாய்களுக்கு அறுவை நடக்கும் இத்தகைய நிலையங்களில் சைலசின், கெட்டமின் போன்ற ஊசி மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. சைலசின் நாய்களில் வாந்தியைத் தூண்டும்; கெட்டமின் எச்சில் சுரப்பைக் கூட்டும். எனவே குழாய் இடாமல் ஊசி மருந்தால் மட்டும் மயக்கும்போது, தலையைச் சற்றுத் தாழ்த்தி வைத்து எச்சில் வெளியே வடியச் செய்வதும், வாயை அடிக்கடி பார்ப்பதும் இன்றியமையாதவை. தெருநாய் கடைசியாக எப்போது, எதை உண்டது என்பதைக் கூற எவரும் இல்லை. ஆதலால் முதல் நாளே பிடித்து, இரவு முழுவதும் உணவின்றி வைத்திருந்து மறுநாள் அறுவை செய்வதே பாதுகாப்பானது.

நெல் விளையும் இப்பகுதியில் வீட்டு நாய்களுக்கும் சோறே முதன்மை உணவு. அறுவை நாளன்று காலையில் "கொஞ்சம் கஞ்சி மட்டும்" அல்லது "பழைய சோற்று நீர் மட்டும்" ஊற்றிவிட்டு, உணவு தரவில்லை என்று கூறுவது இடருக்கு இடமளிக்கும். கஞ்சியும் நீராகாரமும் உணவேயாகும்.

வெப்பம் மற்றொரு காரணி. நாய் தன் உடல் வெப்பத்தை முதன்மையாக இரைத்தலின் மூலமே தணிக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தஞ்சாவூரில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும். காற்றோட்டமற்ற கொட்டகையில் விழிக்கும் நாய் வேகமாக இரைக்கும். வேகமான காற்றோட்டத்தால் தொண்டை வீங்கும். வீக்கத்தால் வெப்பம் வெளியேறுவது குறையும். வெப்பம் கூட இரைத்தலும் கூடும். இச்சுழல் சப்பை மூக்கு நாய்களைச் சில நிமிடங்களில் வீழ்த்தக்கூடியது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 பாகை செல்சியசு. அறுவையின்போது உடல் குளிர்ந்து, பின்னர் மிகுதியாகச் சூடாவதும் உண்டு என்பதால் வெப்பமானியால் அளந்தறிவதே சரியான முறையாகும்.

ஆக்சிசன் செறிவூட்டிகள் மின்சாரத்தால் இயங்குபவை. 2018 நவம்பரில் வீசிய கசா புயலுக்குப்பின் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. கையால் அழுத்தும் மூச்சுப்பையும் ஆக்சிசன் உருளையும் மின்சாரமின்றிப் பயன்படுபவை. ஊர்ப்புற மருந்தகங்களுக்கு இவை ஏற்றவை.

வீட்டிற்குக் கொண்டு சென்றபின்

நாய் தானாக எழுந்து நின்று, தலையை நிலையாகத் தூக்கும்வரை மருத்துவமனையில் இருப்பது நல்லது. அரைமயக்கத்தில் இருக்கும் நாயைக் கழுத்து மடங்கிய நிலையில் மடியிலோ, கூடையிலோ, இருசக்கர வண்டியிலோ கொண்டு செல்வது மூச்சுவழியை அடைக்கும். வாய்க்கட்டு போடக்கூடாது. முழுமையாக விழிக்கும் முன் நீரையோ பாலையோ வாயில் ஊற்றக்கூடாது. விழுங்கும் அனிச்சை மீளாத நாய்க்கு ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குச் செல்லலாம். தெளிந்தபின் முதலில் சிறிது நீரும், அது தங்கினால் பின்னர்ச் சிறிதளவு உணவும் தரலாம்.

அடுத்த மூன்று நாட்களில் காய்ச்சல், ஈரமான இருமல், உண்ண மறுத்தல், ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வேகமான மூச்சு ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உறங்கும் நாயின் மூச்சு நிமிடத்திற்கு 30-க்கு மேற்படாமல் இருப்பது இயல்பு. மார்பு ஏறி இறங்குவதை ஒரு முறையாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணினால் இதனை எவரும் அறியலாம்; கருவி எதுவும் தேவையில்லை.